போலிஷ் மொழியின் நெடுஞ்சொற்களை எங்கே பிரிப்பது?

போலிஷ் மொழியைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கூற்றுகள் தவறாமல் வந்துவிடுகின்றன. அந்த மொழியில் உயிரெழுத்துகளே இல்லை என்பது ஒன்று. அதன் சொற்களுக்கு முடிவே கிடையாது என்பது மற்றொன்று. இரண்டுமே உண்மையல்ல. போலிஷ் நெடுங்கணக்கின் 32 எழுத்துகளில் 9 உயிரெழுத்துகள். அதன் மிக நீண்ட சொற்களும் அன்றாடம் புழங்கும் சிறு துண்டுகளை ஓர் ஒழுங்கில் கோத்துக் கட்டப்பட்டவையே. ஏறத்தாழ 4 கோடிப் பேர் அந்தச் சொற்களை மூச்சுத் திணறாமல் பேசி வருகிறார்கள்.

இந்தத் தவறான எண்ணங்கள் பரவியதற்குக் காரணம், நீண்ட சொல் ஒன்றைக் கண்டதும் நாம் எழுத்துகளை எண்ணத் தொடங்கிவிடுவதுதான். ஒரு சொல்லின் நீளத்தை அறிய எண்ண வேண்டியவை இரண்டு. வாயில் அது எத்தனை துண்டாக ஒலிக்கிறது என்பது முதலாவது. பொருள் தரும் எத்தனை துண்டுகளால் அது ஆனது என்பது இரண்டாவது. இந்த இரண்டு எண்ணிக்கைகளும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. ஒத்துப்போகும் என்று எண்ணிக்கொண்டு சொல்லைப் பிரிக்கப் புகுவதால்தான் தொடக்கநிலைக் கற்போர் குழம்பிப் போகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு கரும்பு, இரண்டு வகைப் பிரிவு

முழுக் கரும்பு ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்வோம். அதில் இயல்பாகவே கணுக்கள் இருக்கின்றன. கரும்பு வளர்ந்த விதத்தை அவை காட்டுகின்றன. ஒவ்வொரு கணுவும் ஒரு வளர்ச்சி முடிந்து அடுத்தது தொடங்கிய இடம். ஆனால் கடித்துத் தின்பதற்காகக் கரும்பை வெட்டும்போது நாம் கணுவைப் பார்த்து வெட்டுவதில்லை. வாய்க்கும் கைக்கும் வசதியான அளவில் வெட்டுகிறோம். கத்தி சில சமயம் கணுவின் மேலேயே விழும், பல சமயம் இரண்டு கணுக்களுக்கு நடுவில் விழும்.

சொல்லிலும் இப்படித்தான். வாய் தன் வசதிக்காக வெட்டிக்கொள்ளும் ஒலித்துண்டுக்கு அசை என்று பெயர். ஓர் உயிரொலியை மையமாகக் கொண்டு ஒரே முயற்சியில் ஒலிக்கும் துண்டு என்பது அதன் இலக்கணம். யாப்பிலக்கணத்தில் நேர், நிரை என்று படிக்கும் அசையிலிருந்து இது சற்று வேறுபட்டது. நிரையசையில் இரண்டு உயிரொலிகள் வரும், இங்கே ஓர் அசைக்கு ஓர் உயிர் மட்டுமே. சொல் வளர்ந்த விதத்தைக் காட்டும், பொருள் தாங்கிய மிகச் சிறிய துண்டுக்கு உருபன் என்று பெயர். நன்னூலின் பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இந்தக் கருத்து புதிதல்ல. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று நாம் சொல்லைப் பிரித்தது அதன் கணுக்களைத் தேடித்தான்.

உருபன் என்ற கருத்துக்கு இன்று உலகெங்கும் மொழியியலில் வழங்கும் கலைச்சொல்லை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவாக்கியவர் ஒரு போலந்துக்காரர். வார்சாவுக்கு அருகிலுள்ள ராஜிமின் ஊரில் 1845இல் பிறந்த யான் போதுவன் தெ குர்தெனே என்ற மொழியியலாளர் அவர். தாய்மொழியே இத்தனை கணுக்களோடு இருக்கும்போது அவற்றுக்குப் பெயர் சூட்ட வேண்டும் என்ற எண்ணம் ஒரு போலந்துக்காரருக்குத் தோன்றியதில் எனக்கு வியப்பில்லை.

சுருங்கச் சொன்னால், அசை வாயின் பிரிவு. உருபன் பொருளின் பிரிவு. ஒரே சொல்லில் இரண்டும் இருக்கும், வெவ்வேறு இடங்களில்.

எழுத்துக் கூட்டம் ஏமாற்றும் விதம்

போலந்தின் கிழக்கே லூப்லின் பகுதியில் ஷ்செப்ஜெஷின் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ரோமன் எழுத்தில் அதன் பெயருக்கு 13 எழுத்துகள். வெளிநாட்டவர் அதைப் பார்த்ததும் படிக்கும் முயற்சியைக் கைவிடுவது வழக்கம். ஆனால் அந்தப் பெயரில் ஒலிகள் 9 மட்டுமே.

மீதி 4 எழுத்துகள் எங்கே போயின? போலிஷ் மொழி தன் ஒலிகள் சிலவற்றைத் தனி எழுத்தால் எழுதாமல் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதுகிறது. இரண்டு எழுத்துகள் சேர்ந்து ஒரே ஒலியைக் குறிப்பதை இணையெழுத்து என்போம். எஸ்ஸும் இசட்டும் சேர்ந்தால் கிட்டத்தட்ட நம் ‘ஷ்’. சியும் இசட்டும் சேர்ந்தால் ‘ச்ச’ என்பதில் வரும் வல்லொலி. ஆரும் இசட்டும் சேர்ந்தால், தமிழில் தனி எழுத்து இல்லாத, ஷகரத்துக்கும் ஜகரத்துக்கும் இடைப்பட்ட ஓர் ஒலி. அதை இங்கே ‘ஜ்’ என்றும், வல்லின மெய்யை அடுத்து வரும்போது அதன் ஒலிப்புக்கேற்ப ‘ஷ்’ என்றும் எழுதுகிறேன். இப்படி மொத்தம் 7 இணையெழுத்துகள் இருக்கின்றன. ஷ்செப்ஜெஷின் என்ற ஊர்ப்பெயரில் இணையெழுத்துகள் நான்கு இடங்களில் வந்துவிடுவதால்தான் 9 ஒலிகள் 13 எழுத்துகளாகப் பெருத்துத் தெரிகின்றன. வண்டு என்று பொருள்படும் ஹ்ஷொன்ஷ்ச் என்ற சொல் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு. அதற்கு 9 எழுத்துகள், 5 ஒலிகள், ஓர் அசை.

தமிழ் எழுத்துமுறை இங்கே நமக்குக் கைகொடுக்கிறது. போலிஷ் சொல் ஒன்றை அதன் சரியான ஒலிப்புப்படி தமிழில் எழுதிவிட்டால், புள்ளி பெறாத எழுத்துகளை எண்ணினாலே போதும். அதுவே அசைகளின் எண்ணிக்கை. புள்ளி வைத்த எழுத்து வெறும் மெய். அது முன்னாலோ பின்னாலோ இருக்கும் உயிரைச் சார்ந்து நிற்கும். ‘ஷ்செப்ஜெஷின்’ என்பதில் புள்ளியில்லாதவை செ, ஜெ, ஷி ஆகிய மூன்று. ஆகவே மூன்று அசைகள். ‘ஹ்ஷொன்ஷ்ச்’ என்பதில் ஷொ மட்டுமே. ஆகவே ஓர் அசை. ரோமன் எழுத்தில் உயிரும் மெய்யும் ஒரே வரிசையில் சமமாக நிற்பதால் மறைந்துபோகும் ஓர் உண்மை, உயிர்மெய் எழுத்துள்ள நம் மொழியில் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தமிழ்ச் சொற்கள் மெய்யெழுத்தில் தொடங்குவதில்லை என்பதால், மெய்கள் அடுக்கி வரும் இடத்தில் நம் நாக்கு தானாகவே ஓர் உயிரைச் செருகும். ‘ஸ்கூல்’ பேச்சில் ‘இஸ்கூல்’ ஆவது அப்படித்தான். போலிஷ் சொல்லில் அப்படிச் செருகினால் இல்லாத அசை ஒன்று பிறந்துவிடும். ஷ்செச்சின் என்ற நகரத்தின் பெயரை ‘இஷ்செச்சின்’ என்று சொன்னால் இரண்டசைச் சொல் மூன்றசைச் சொல்லாகிவிடும்.

எது உயிர், எது உயிர்போல் தோன்றுவது

போலிஷ் மொழியில் ஒவ்வோர் உயிரொலிக்கும் ஓர் அசை. உயிரொலி இல்லாமல் அசை இல்லை. அண்டை நாட்டுச் செக் மொழியில் ரகர, லகர மெய்கள் தாமே உயிர்போல் நின்று அசையைத் தாங்கும். பிர்னோ என்று நாம் எழுதும் செக் நகரத்தின் பெயரில் முதல் அசையில் உயிரெழுத்தே கிடையாது. போலிஷ் மொழி அதை அனுமதிப்பதில்லை. காற்று என்று பொருள்படும் வ்யாத்ர் என்ற சொல்லின் இறுதியில் தகர, ரகர மெய்கள் இரண்டு இருந்தாலும் அது ஓரசைச் சொல்லே.

ஆனால் உயிரெழுத்துகளை எண்ணினால் அசைகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும் என்று முடிவு செய்துவிடக் கூடாது. உயிரெழுத்து வேறு, உயிரொலி வேறு. இங்கே கவனிக்க வேண்டியது ‘ஐ’ என்ற ரோமன் எழுத்து. போலிஷ் மொழியில் அதற்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன. மெய்யெழுத்துக்குப் பின் தனியாக நின்றால் அது இகர உயிர். அடுத்து இன்னோர் உயிரெழுத்து வந்தால், அது தன் உயிர்த்தன்மையை இழந்து, முன்னால் உள்ள மெய்யை மென்மையாக்கும் அடையாளமாக மட்டும் நிற்கிறது. நாவின் நடுப்பகுதி மேலண்ணத்தை நோக்கி உயர, மெய்யொலி யகரச் சாயல் பெறுவதையே மென்மையாதல் என்கிறேன்.

குளிர்காலத்தைக் குறிக்கும் ஜிமா என்ற சொல்லையும், பூமியைக் குறிக்கும் ஜெம்யா என்ற சொல்லையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஜிமாவில் ரோமன் எழுத்துகள் 4, அவற்றுள் உயிரெழுத்துகள் 2, அசைகளும் 2. ஜெம்யாவில் ரோமன் எழுத்துகள் 6, அவற்றுள் உயிரெழுத்துகள் 4. ஆயினும் அசைகள் 2 மட்டுமே. அந்த நான்கில் இரண்டு ‘ஐ’ எழுத்துகள். அவை மெய்களை மென்மையாக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. போலிஷ் சொற்கள் எண்ணியதைவிடக் குறுகி ஒலிப்பதற்கு இந்த ஓர் எழுத்தின் இரட்டை வேலையே முதன்மைக் காரணம்.

வேறொரு சிக்கலும் இருக்கிறது. ‘ஏ’ எழுத்தும் ‘யு’ எழுத்தும் அடுத்தடுத்து வந்தால் அவை ஓரசையா, ஈரசையா? கார் என்று பொருள்படும் அவ்தோ என்ற சொல்லில் அவை சேர்ந்து ஓரசையாகின்றன. கல்வி, அறிவியல் என்று பொருள்படும் நவுகா என்ற சொல்லில் அவை பிரிந்து ஈரசையாகின்றன. ரோமன் எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் எழுதப்படுகின்றன. ‘அவ்’, ‘நவு’ என்று தமிழில் எழுதும்போது புள்ளியே வேற்றுமையைக் காட்டிவிடுகிறது. ஏன் இந்த வேற்றுமை என்றால், அவ்தோ வெளியிலிருந்து வந்த சொல். அதில் அந்த இரண்டு எழுத்துகளும் பிறப்பிலேயே சேர்ந்திருந்தவை. நவுகாவிலோ ‘ந’ என்பது முன்னொட்டு, அதாவது பகுதிக்கு முன்னால் வந்து ஒட்டும் உறுப்பு. ‘உ’ என்பது பகுதியின் தொடக்கம். இரண்டு உயிர்களுக்கும் நடுவே ஒரு கணு இருப்பதால் அவை கலப்பதில்லை. ஒலியைப் பற்றிய கேள்விக்குக்கூட விடை சில சமயம் சொல்லின் கட்டமைப்பில்தான் இருக்கிறது.

இதுவரை பார்த்ததைத் தொகுத்தால், இணையெழுத்துகளை ஒன்றாகக் கொள்ள வேண்டும். உயிருக்கு முன் வரும் ‘ஐ’ எழுத்தை உயிராக எண்ணக் கூடாது. எஞ்சிய உயிரொலிகளின் எண்ணிக்கையே அசைகளின் எண்ணிக்கை.

எண்ணிக்கை உறுதி, எல்லை நெகிழ்வு

ஒரு சொல்லில் எத்தனை அசைகள் என்பதில் ஐயமே எழாது. ஓர் அசை எந்த இடத்தில் முடிந்து அடுத்த அசை எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற கேள்விக்கு அத்தகைய உறுதி கிடையாது. கற்பவர்களில் பலர் இதை ஏற்க மறுக்கிறார்கள். சரியான பிரிப்பு ஒன்றே ஒன்று எங்கோ ஒளிந்திருப்பதாக எண்ணி அகராதிகளைப் புரட்டுகிறார்கள்.

சகோதரி என்று பொருள்படும் ஷொஸ்த்ரா என்ற சொல் இதற்குத் தக்க சான்று. ஷொ, ரா என்ற இரண்டு உயிர்களுக்கு நடுவே ஸ், த் என்ற இரண்டு மெய்களும் ராவின் ரகர மெய்யுமாக மூன்று மெய்கள் நிற்கின்றன. ஷொ-ஸ்த்ரா, ஷொஸ்-த்ரா, ஷொஸ்த்-ரா என்று மூன்று விதமாகவும் அதை வரியின் இறுதியில் பிரிக்கலாம்; போலிஷ் எழுத்து விதிகள் மூன்றையும் ஏற்கின்றன. நடுவில் திரளும் மெய்களுக்கு இரு பக்கத்து உயிர்களும் உரிமை கொண்டாடுகின்றன; எந்தப் பக்கம் எத்தனை போயினும் அசைகள் இரண்டுதான். மொழியியலாளர்களும் இத்தகைய திரளின் நடுவே எல்லையை எங்கே வரைவது என்பதில் ஒருமித்த கருத்துக்கு வந்ததில்லை. போலிஷ் சொற்களில் மெய்கள் நான்கு ஐந்து என்று திரள்வது சாதாரணம் என்பதால் இந்த நெகிழ்வு அந்த மொழிக்குத் தேவையும்கூட. இரக்கமற்ற என்று பொருள்படும் பெஸ்வ்ஸ்க்லெந்த்னி என்ற மூன்றசைச் சொல்லில் முதல் இரண்டு உயிர்களுக்கு நடுவே ஐந்து மெய்கள் நிற்கின்றன.

சொல்லின் கணுக்கள்

அடுத்து உருபன்கள். கற்பித்தல் என்ற பொருளுடைய வினைச்சொல் உச்சிச். அதன் பகுதியோடு ‘ந’ என்ற முன்னொட்டு சேர்ந்தால் கற்பித்து முடித்தல் என்று செயலின் நிறைவு பெறப்படும். அதன் பின் ‘செல்’ என்ற விகுதி சேர்ந்தால் அந்தச் செயலைச் செய்பவர், அதாவது ஆசிரியர். சொல் நவுச்சிச்செல் ஆகிறது. ‘கா’ சேர்ந்தால் நவுச்சிச்செல்கா, ஆசிரியை. பன்மையும் மூன்றாம் வேற்றுமையும் ஒருங்கே காட்டும் ‘அமி’ சேர்ந்தால் நவுச்சிச்செல்காமி, ‘ஆசிரியைகளோடு’. தமிழில் ‘கள்’ ஒரு துண்டு, ‘ஓடு’ மற்றொரு துண்டு; போலிஷ் மொழியில் பன்மையும் வேற்றுமையும் பிரிக்க முடியாதபடி ஒரே விகுதியில் அடங்கிவிடுகின்றன. நம்மிடம் வேற்றுமைகள் எட்டு, அவர்களிடம் ஏழு. வேற்றுமை உருபேற்றுச் சொல் நீள்வது நமக்குப் பழகிய விஷயம் என்பதால், நெடுஞ்சொற்களைக் கண்டு மலைக்க வேண்டியவர்கள் தமிழர்கள் அல்லர்.

இனி, கத்தி கணுவில் விழாத ஒரு சொல்லை அருகில் வைத்துப் பார்க்கலாம். ஆண்டுதோறும் நவம்பர் 11ஆம் நாள் போலந்து கொண்டாடும் விடுதலை நாள், 1918இல் நாடு மீண்டும் தன்னுரிமை பெற்றதன் நினைவு. விடுதலைக்கு அவர்கள் வழங்கும் சொல் ஞெபொத்லெக்வொஷ்ச். போலிஷ் மொழிக்கும் நமக்கும் பொதுவான ஒலிகளில் ஞகரமும் ஒன்று. சொல்லின் முதலெழுத்தை எந்தச் சமரசமும் இல்லாமல் தமிழில் எழுத முடிகிறது. ‘ஞெ’ என்பது இன்மையைக் காட்டும் முன்னொட்டு. ‘பொத்’ என்றால் கீழ். ‘லெக்’ என்பது கிடத்தலைக் குறிக்கும் பகுதி. அதை அடுத்து வரும் வகரம் போன்ற மெய் கடந்தகால எச்சத்தின் சின்னம். ‘ஒஷ்ச்’ என்பது பண்புப்பெயர் விகுதி. நம் ‘மை’ விகுதி செய்யும் வேலையை அது செய்கிறது. எவருக்கும் கீழே கிடவாமை என்று அதன் உறுப்புகள் பொருள் தருகின்றன. உருபன்கள் ஐந்து, அசைகள் நான்கு. அசைப்படி உச்சரிக்கும்போது கடைசித் துண்டு ‘வொஷ்ச்’ அல்லது ‘க்வொஷ்ச்’ என்று வரும். கால எச்சத்தின் மெய்யும் பண்புப்பெயர் விகுதியும் ஓரசைக்குள் கலந்துவிடுகின்றன. இரண்டாவது விதமாகச் சொன்னால் பகுதியின் கடைசி மெய்யும் அந்த அசைக்குள் வந்து சேர்ந்துவிடும். பொருள் தெரிய வேண்டுமானால் அசையை மறந்துவிட்டுக் கணுவைத் தேட வேண்டும்.

எண்ணுப்பெயரடிச் சொற்கள் இன்னும் நீளமானவை. தொண்ணூற்றொன்பது வயதான என்பதற்குரிய போலிஷ் சொல்லை ஒரே மூச்சில் எழுதினால் ஜெவ்யெஞ்ச்ஜெஷெஞ்சொஜெவ்யெஞ்சொலெத்னி. ரோமன் எழுத்தில் 33 எழுத்துகள். அவற்றுள் உயிரெழுத்துகள் 18. அந்தப் பதினெட்டில் 8, மென்மையாக்கும் ‘ஐ’ எழுத்துகள். எஞ்சியவை 10, அசைகளும் பத்தே. ஜெ-வ்யெஞ்ச்-ஜெ-ஷெஞ்-சொ-ஜெ-வ்யெஞ்-சொ-லெத்-னி என்று அதைப் பிரித்துச் சொல்லலாம். உருபன்களாகப் பிரித்தால் ஒன்பது, பத்து, இணைப்புயிர், ஒன்பது, இணைப்புயிர், ஆண்டு, பெயரடை விகுதி, பால் காட்டும் விகுதி என எட்டு கிடைக்கும். இணைப்புயிர் என்பது இரண்டு பகுதிகளை ஒட்டவைக்க நடுவில் வரும் ஒகரம். தனக்கெனப் பொருளில்லாத அது நம் சாரியையின் இடத்தைப் பெறுகிறது. இந்தச் சொல்லில் ‘சொ’ என்ற அசையைக் கவனித்தால் அதில் உள்ள மெய் எண்ணுப்பெயரின் இறுதி, உயிர் இணைப்புயிர். ஓரசைக்குள் இரண்டு உருபன்கள் பாதிப் பாதியாக உட்கார்ந்திருக்கின்றன.

இந்தச் சொல்லில் ஆண்டு என்பதற்குரிய பகுதி தனியே நிற்கும்போது ‘லத்’. இங்கே ‘லெத்’ ஆகியிருக்கிறது. பகுதியின் உயிரோ மெய்யோ சூழலுக்கேற்ப மாறுவது போலிஷ் மொழியில் மிக இயல்பு. கை என்று பொருள்படும் ரெங்கா, சிறு கை என்னும்போது ரொஞ்ச்கா ஆகிறது. ‘வா’ என்ற பகுதி ‘வந்தான்’ என்பதில் குறுகுவதை விகாரம் என்று நாம் சொல்வதுபோல, இதையும் விகாரம் என்றே கொள்ளலாம். சொல்லைப் பிரிக்கும்போது ஒரே பகுதி இரண்டு மூன்று முகங்களோடு வரும் என்பதை எதிர்பார்த்தே அணுக வேண்டும்.

வரியின் இறுதியில் எதைப் பின்பற்றுவது

அச்சில் ஒரு சொல் வரிக்குள் அடங்காதபோது அதை எங்கே முறிப்பது என்ற கேள்வியில் அசையும் உருபனும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. போலிஷ் மரபு இரண்டுக்கும் இடம் தருகிறது. மெய்த்திரளை விருப்பப்படி பிரிக்கலாம். இணையெழுத்தைப் பிரிக்கக் கூடாது. மென்மையாக்கும் ‘ஐ’ எழுத்தை அதன் பின்னுள்ள உயிரிலிருந்து பிரிக்கக் கூடாது. ஒரே மெய் இரட்டித்து வந்தால் இரண்டுக்கும் நடுவே பிரிக்க வேண்டும். தெளிவாகத் தெரியும் முன்னொட்டுக்குப் பின் கணு இருந்தால் அந்தக் கணுவுக்கு மதிப்புத் தர வேண்டும்.

கடைசி விதி எவ்வளவு நுட்பமானது என்பதைக் காட்ட இரண்டு சொற்கள் போதும். பிரிவு, பங்கீடு என்று பொருள்படும் பொஜாவ். நிலத்தடியிலான என்று பொருள்படும் பொத்ஜெம்னி. ரோமன் எழுத்தில் இரண்டு சொற்களின் முதல் ஐந்து எழுத்துகளும் அச்சு மாறாமல் ஒன்றே: பி, ஓ, டி, இசட், ஐ. பொஜாவில் ‘பொ’ முன்னொட்டு. ‘ஜாவ்’ என்பது பங்கைக் குறிக்கும் பகுதி. எனவே டியும் இசட்டும் ஒரே பகுதிக்குள் சேர்ந்து நின்று இணையெழுத்தாகி ஓரொலி தருகின்றன, பிரிப்பு பொ-ஜாவ். பொத்ஜெம்னியில் ‘பொத்’ முன்னொட்டு, கீழ் என்ற பொருளில்; ‘ஜெம்’ என்பது மேலே பார்த்த பூமியின் பகுதி. டி முன்னொட்டின் கடைசி, இசட் பகுதியின் முதல்; அடுத்தடுத்து நின்றாலும் அவை இணையெழுத்து அல்ல, இரண்டு தனித்தனி ஒலிகள்; பிரிப்பு பொத்-ஜெம்-னி. கட்டமைப்பை அறியாதவர் இரண்டாவது சொல்லைச் சரியாக வாசிக்கவும் முடியாது, சரியாகப் பிரிக்கவும் முடியாது. எழுத்து வரிசையை மட்டும் பார்த்துச் சொல்லை முறிக்கும் மென்பொருள் தடுமாறக்கூடிய இடமும் இதுவே.

ஆகவே, வெறும் மெய்த்திரளாக இருந்தால் வசதிப்படி பிரிக்கலாம். நடுவே முன்னொட்டின் கணு இருந்தால் அதை மதித்துப் பிரிக்க வேண்டும்.

அழுத்தம் எதைக் கேட்கிறது

அசைகளை எண்ணத் தெரிந்திருப்பதால் உடனடியாகக் கிடைக்கும் பயன் உச்சரிப்பில் இருக்கிறது. போலிஷ் சொல்லில் ஓர் அசை மட்டும் மற்றவற்றைவிட ஓங்கி ஒலிக்கும். அதை அழுத்தம் என்பர். கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம் விழும் என்பது பொது விதி. இந்த விதி அசைகளை மட்டுமே எண்ணுகிறது. உருபன்களைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அதனால் விகுதி சேரச் சேர அழுத்தம் வலப்பக்கம் நகர்கிறது. நவுச்சிச்செல் என்பதில் ‘சி’ ஓங்கும். நவுச்சிச்செல்கா என்பதில் ‘செல்’ ஓங்கும். நவுச்சிச்செல்காமி என்பதில் ‘கா’ ஓங்கும்.

விதிவிலக்குகளில் ஒரு வகை, வெளியிலிருந்து வந்த சொற்கள். கணிதத்தைக் குறிக்கும் மதெமாதிகா என்பதில் நடுவிலுள்ள ‘மா’ ஓங்க வேண்டும். மற்றொரு வகை இன்னும் ஆழமானது. ‘செய்தார்கள்’ என்பதற்குரிய ஸ்ரொபிலி என்ற சொல்லில் விதிப்படி ‘பி’ ஓங்குகிறது. ‘செய்தோம்’ என்பதற்கு ‘ஷ்மி’ சேர்ந்து ஸ்ரொபிலிஷ்மி ஆகும்போது ஓர் அசை கூடியும் மரபான உச்சரிப்பில் அழுத்தம் நகராமல் ‘பி’யிலேயே நிற்கிறது. ‘செய்திருப்போம்’ என்ற பொருளில் ஸ்ரொபிலிபிஷ்மி என்று இரண்டு அசைகள் கூடினாலும் அந்த முதல் ‘பி’யே ஓங்குகிறது. காரணம், ‘ஷ்மி’ முற்காலத்தில் ‘இருக்கிறோம்’ என்ற துணைவினையின் வடிவமாகத் தனித்து நின்ற சொல். ஒட்டிக்கொண்டு பல நூற்றாண்டுகள் ஆகியும் அழுத்தம் அதை இன்னும் முழு விகுதியாக ஏற்கவில்லை. ‘நாம் என்ன செய்தோம்’ என்ற பொருளில் ‘த்ஸொஷ்மி ஸ்ரொபிலி’ என்று அந்த ‘ஷ்மி’ வினையை விட்டு முன்னுள்ள சொல்லில் போய் ஒட்டுவதும் வழக்கில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பழைய கணு காதுக்குக் கேட்கிறது. அன்றாடப் பேச்சில் பலர் இங்கேயும் பொது விதியையே பின்பற்றிக் கடைசிக்கு முந்தைய அசையை அழுத்திவிடுகிறார்கள். அந்தக் கணு மெல்ல மறைந்து வருகிறது என்பதற்கு அதுவே சான்று.

முப்பத்திரண்டு எழுத்துகள்

நீளத்துக்கு எடுத்துக்காட்டாகப் போலந்துக்காரர்களே விளையாட்டாகச் சொல்லும் சொல் ஒன்று உண்டு. கொன்ஸ்தந்தினோப்பிள் நகரத்தான் ஒருவனின் மகளான சிறுமி என்ற பொருளில் கட்டப்பட்ட அது, ரோமன் எழுத்தில் 32 எழுத்துகள் கொண்டது: கொன்ஸ்தந்தினொபொலிதாஞ்சிகொவ்யனெச்கா. புள்ளியில்லாத எழுத்துகளை எண்ணினால் 12 அசைகள். முதல் ஐந்து அசைகள் முழுமையாக நகரத்தின் பெயருக்குரியவை. ஆறாவது அசையின் நடுவிலேயே நகரத்தின் பெயர் முடிந்து, அந்நகரத்தான் என்ற விகுதி தொடங்கிவிடுகிறது. அதன் பிறகு வருபவை மகள் என்ற உறவையும் சிறுமை என்ற அன்புப் பொருளையும் காட்டும் விகுதிகள். அழுத்தம், விதி தவறாமல், கடைசிக்கு முந்தைய ‘னெச்’ என்ற அசையில் விழுகிறது. இந்தச் சொல்லையும் நவுச்சிச்செல்காவைப் போலவே பன்மையாக்கி மூன்றாம் வேற்றுமையில் வைக்கலாம். அப்போது ‘காமி’ என்று முடிந்து அசைகள் 13 ஆகும், அழுத்தமும் ஓரடி நகர்ந்து ‘கா’வுக்குப் போகும்.